சுவரை இடித்துக்கொண்டு வந்த வண்டி

டெட்ராய்ட் நகர மையத்தில், பேக்லி அவென்யூவில் இருக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் ஓர் அரண்மனை தெரிகிறது. பூவேலை செய்த கூரை, தூசி படிந்த வளைவுகள், ஒரு காலத்தில் பொன் பூசியிருந்த தூண்கள். அதன் கீழே அடுக்கடுக்காகக் கார்கள் நிற்கின்றன. 1926இல் திறக்கப்பட்ட மிச்சிகன் தியேட்டர் இது. ஏறத்தாழ 4,000 பேர் உட்கார்ந்து படம் பார்த்த அரங்கம். 1970களில் கூட்டம் வற்றிப்போனது. ஒட்டியிருந்த அலுவலகக் கட்டிடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கோ கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. அரங்கை இடித்தால் அந்த அலுவலகக் கட்டிடம் பலவீனமாகிவிடும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். எனவே இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கூரையை அப்படியே விட்டு, உள்ளே கான்கிரீட் தளங்களைப் போட்டார்கள்.

தியேட்டர் வருவதற்கு முன் இதே இடத்தில் ஒரு செங்கல் கொட்டகை இருந்தது. எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ஃபோர்ட், தன் வாடகை வீட்டின் பின்புறமிருந்த அந்தக் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டு, வேலை முடிந்து வந்த இரவுகளில் ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். நான்கு சைக்கிள் சக்கரம், இரண்டு சிலிண்டர் எஞ்சின், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. பிரேக் கிடையாது, பின்னால் எடுக்கவும் முடியாது. 1896 ஜூன் 4ஆம் தேதி விடிவதற்கு முன் வண்டி தயாராகிவிட்டது. வெளியே எடுக்கப் பார்த்தால் கொட்டகையின் வாசல் வண்டியைவிடக் குறுகலாக இருந்தது. ஃபோர்ட் ஒரு கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்து வழி செய்தார்.

டெட்ராய்ட்டில் நான் பார்க்க விரும்பியது இந்த இடிபாட்டின் தொடர்ச்சியைத்தான். கார் தன்னைப் பெற்ற இடத்துக்குள் அடங்கி இருந்ததே இல்லை. முதலில் கொட்டகை, அடுத்து ஆலை, அதற்கடுத்து அதைவிடப் பெரிய ஆலை, கடைசியில் நகரமே அதற்குப் போதாமல் போனது. அந்த வரிசையில் ஒவ்வொரு கட்டிடமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பெரும்பாலானவை உட்வர்ட் அவென்யூ என்ற ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன.

கார் பிறந்த ஊர் இதுவல்ல. ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமை கோரினார். இரண்டு ஆண்டு கழித்து அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வண்டியை ஊர் நம்பத் தொடங்கியது அதன் பிறகுதான். டெட்ராய்ட் தெருவில் முதலில் கார் ஓட்டியவர்கூட ஃபோர்ட் கிடையாது. மூன்று மாதம் முந்திக்கொண்டவர் சார்லஸ் கிங்.

ஆனாலும் கார் பெருகியது இங்கேதான். அதற்கான சரக்கு ஊரிலேயே இருந்தது. மிச்சிகன் காட்டு மரத்தில் குதிரை வண்டி செய்தவர்கள் அருகில் இருந்த ஃபிளின்ட்டில் இருந்தார்கள். இரும்பு அடுப்பு வார்ப்பதில் டெட்ராய்ட் பேர்பெற்றது. ஏரிப் படகுகளுக்கு எஞ்சின் செய்யும் பட்டறைகள் நிறைய. சுப்பீரியர் ஏரிக்கரைச் சுரங்கங்களின் இரும்புத் தாது கப்பலிலேயே வந்து இறங்கியது. துப்பாக்கி, தையல் இயந்திரத் தொழிலின் துல்லியத்தைக் கற்று வந்த ஹென்றி லேலண்ட் போன்றவர்களும் இங்கே குடியேறியிருந்தார்கள். லேலண்டின் கெடிலாக் கார்கள் மூன்றை 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதைக்குக் கொண்டுபோய், ஆணி ஆணியாகப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்துபோட்டு, அவற்றிலிருந்து மறுபடி மூன்று கார் பூட்டினார்கள். மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின. ஒரு காரின் பாகம் இன்னொரு காரில் அரம் படாமல் பொருந்தும் என்று அன்று உறுதியானது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

பிக்கெட்: ஆள் காரைத் தேடிப் போன இடம்

உட்வர்ட் அவென்யூவில் ஓடும் டிராம், கிராண்ட் பூலவார்ட் வரைதான் போகிறது. 2017இல் புதிதாகப் போட்ட தடம் அது. பழைய டிராம் வண்டிகளை நகரம் 1956இல் நிறுத்திவிட்டு மெக்சிகோ நகருக்கு விற்றுவிட்டது. எல்லோரிடமும் கார் இருக்கும்போது டிராம் யாருக்கு என்று கேட்ட காலம். கடைசி நிறுத்தத்தில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால், தண்டவாளங்கள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் ஃபோர்டின் பிக்கெட் அவென்யூ ஆலை நிற்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய பஞ்சாலை என்றுதான் தோன்றும். அந்த எண்ணம் பிசகில்லை. நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளைப் பார்த்துத்தான் 1904இல் இதைக் கட்டினார்கள். மூன்று மாடி, 402 அடி நீளம், வெறும் 56 அடி அகலம். மின்விளக்கு போதாத காலத்தில் இரண்டு பக்கத்து ஜன்னல் வெளிச்சமும் நடுவில் வந்து சேர வேண்டும் என்பதற்காக அந்த ஒடுக்கமான அமைப்பு. உள்ளே மரத்தளம், நடந்தால் முனகுகிறது. எண்ணெய் ஊறிக் கறுத்த பலகைகள் அப்படியே இருக்கின்றன. நடுநடுவே கனமான தீத்தடுப்புக் கதவுகள். 1901இல் ஓல்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை எரிந்து சாம்பலானதை ஊர் அப்போது மறந்திருக்கவில்லை.

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். மூன்றாவது மாடியின் மூலையில் பலகையால் அடைத்த ஓர் அறைக்குள் அழைத்துப் போனார். மாடல் டி கார் பிறந்த ரகசிய அறையின் மறு உருவாக்கம் அது. ஒரு கரும்பலகை, வரைபட மேசை, ஒரு சாய்வு நாற்காலி. ஹென்றி ஃபோர்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பாராம். ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் கரும்பலகையில் ஒவ்வொரு பாகமாக வரைவார். சைல்ட் ஹெரால்ட் வில்ஸ் வனேடியம் கலந்த எஃகைக் கொண்டுவந்தார். எடை குறைவு, உறுதி அதிகம். பெரியவர் ஒரு மாடல் டி காரின் மிதிகளைக் காட்டினார். இடது மிதி கியர், நடுவில் உள்ளது பின்னால் போக, வலது பிரேக். ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்கு அடியில் கைப்பிடியாக இருக்கிறது. “இன்று யாராவது இதைத் திருடினாலும் ஓட்டிக்கொண்டு போக முடியாது” என்று சிரித்தார்.

1908 செப்டம்பர் கடைசியில் முதல் மாடல் டி இங்கே முடிந்தது. விலை 825 டாலர். அதைச் செய்த விதத்தில் புதுமை எதுவும் இல்லை. சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், ஓரிடத்தில் மரத் தாங்கியில் நிற்கும். ஒரு குழு வந்து அச்சைப் பூட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகரும். இன்னொரு குழு எஞ்சினோடு வரும். கொல்லுப்பட்டறையிலும் வண்டிப் பட்டறையிலும் காலகாலமாக நடந்ததுதான். ஒவ்வொருவரும் ஒரு கைவினைஞர். எந்த ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் 12,000 மாடல் டி கார்கள் இப்படித்தான் வந்தன. அதற்குள் ஆர்டர்கள் குவிந்து, பிக்கெட் போதாமல் போய்விட்டது. கட்டிய ஆறே ஆண்டில் ஃபோர்ட் இதைக் காலி செய்தார்.

ஹைலண்ட் பார்க்: கார் ஆளைத் தேடி வந்த இடம்

உட்வர்டில் பஸ் பிடித்து வடக்கே போனேன். அகலமான சாலை, இரு பக்கமும் தேவாலயங்கள், அடைத்துக் கிடக்கும் கடைகள், இடையிடையே புல் வளர்ந்த காலி மனைகள். இன்னும் வடக்கே, ஆறாவது மைல் சாலைக்கும் ஏழாவது மைல் சாலைக்கும் நடுவில்தான் 1909இல் ஒரு மைல் தூரத்துக்குக் கான்கிரீட் சாலை போட்டு, அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மூன்று நிற டிராஃபிக் சிக்னலை 1920இல் வில்லியம் பாட்ஸ் என்ற போலீஸ்காரர் வைத்ததும் இதே உட்வர்ட் சாலையின் ஒரு முனையில்தான்.

ஹைலண்ட் பார்க் தனி நகராட்சி. ஏறத்தாழ நாலாபுறமும் டெட்ராய்ட் சூழ்ந்திருக்கிறது. ஆல்பர்ட் கான் வடிவமைத்த ஃபோர்ட் ஆலை 1910 புத்தாண்டு அன்று இங்கே வேலையைத் தொடங்கியது. கான், யூத மதகுரு ஒருவரின் மகன். சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர். கட்டிடக் கலையைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. அவர் தம்பி ஜூலியஸ் கம்பி வைத்துக் கான்கிரீட் உத்தரம் போடும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அண்ணன் அதைக் கொண்டு தூண்களுக்கு இடையே பெரிய இடைவெளி விட்டார்; சுமை தாங்க வேண்டாத சுவரில் முழுக்கக் கண்ணாடி வைத்தார். மக்கள் அதைப் பளிங்கு மாளிகை என்றார்கள். இருந்ததில் ஒரு பகுதிதான் இன்று நிற்கிறது. வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை; பக்கத்தில் மாடல் டி பெயரைச் சூட்டிக்கொண்ட கடை வளாகம். வேலியோரமாக நடந்து பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் வேலைநாள் எப்படி இருக்கும் என்று முடிவானது இந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

1913 ஏப்ரலில் ஒரு சின்ன பாகத்தில் அது தொடங்கியது. மாடல் டி எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோ. ஒரு தொழிலாளி மேசையில் உட்கார்ந்து அதை முழுதாகப் பூட்ட 20 நிமிடம் ஆகும். அந்த வேலையை 29 ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பாகத்தை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். 13 நிமிடம் 10 விநாடி ஆனது. குனிய வேண்டாதபடி மேடையை உயர்த்தி, சங்கிலி போட்டு நகர்த்தியதும் 5 நிமிடமாகக் குறைந்தது. யோசனை வானத்திலிருந்து விழவில்லை. சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாட்டின் உடல் கொக்கியில் தொங்கியபடி நகர, ஆளுக்கு ஒரு வெட்டாகப் பிரித்தெடுப்பதை ஃபோர்ட் ஆலையின் வில்லியம் கிளான் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே பிரிப்பது போல இங்கே பூட்டினால் என்ன?

அடுத்து முழு சேசிஸ். ஓரிடத்தில் நிறுத்திப் பூட்டியபோது ஒரு சேசிஸுக்கு ஏறத்தாழ 12½ மணி நேரம் ஆனது. முதலில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், பிறகு சங்கிலி. 1914இல் அது 1 மணி 33 நிமிடத்தில் முடிந்தது. நம் ஊர் ஆலைகளிலும் இன்று “லைன்” என்று ஒரே சொல்லில் சொல்கிறார்களே, அந்த லைன் பிறந்தது அப்போதுதான். பிக்கெட்டில் ஆள் காரைத் தேடி நடந்தார்; இங்கே ஆள் நின்ற இடத்தில் நின்றார், கார் அவரைத் தேடி வந்தது. எவ்வளவு வேகத்தில் வர வேண்டும் என்பதை முடிவு செய்தவர் வேறொருவர்.

தொழிலாளர்கள் காலால் பதில் சொன்னார்கள். நாள் முழுக்க ஒரே நட்டு, ஒரே திருகல். பேச முடியாது, உட்கார முடியாது. சில நாளிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். 1913இல் சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த அந்த ஆண்டில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நூறு பேரைக் கூடுதலாகச் சேர்க்க 963 பேரை எடுக்க வேண்டும் என்று நிறுவனமே கணக்குப் போட்டது.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் ஐந்து டாலர் கூலி. ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலராக இருந்த கூலி, எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர் ஆகும் என்று 1914 ஜனவரி 5 அன்று அறிவித்தார்கள். உறைபனியில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் திரண்டார்கள். ஒரு வாரம் கழித்து, கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். ஆடைகள் உடம்பிலேயே விறைத்தன. ஃபோர்டின் தாராளத்தைப் பற்றி இன்றும் புகழ்ந்து எழுதுகிறார்கள். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது, அதற்கு நிபந்தனைகள் இருந்தன. நிறுவனத்தின் ‘சமூகவியல் துறை’ ஆட்கள் வீடு தேடி வருவார்கள். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா, மனைவி முறைப்படித் தாலி கட்டியவள்தானா என்று விசாரிப்பார்கள். ஆங்கிலம் தெரியாத குடியேறிகள் ஃபோர்ட் பள்ளியில் படித்தாக வேண்டும். லைன் தொழிலாளியின் கையை எடுத்துக்கொண்டது. கூலி அவர் வீட்டுக்குள்ளும் காலை வைத்தது.

விளைவு மலைக்க வைப்பது. 1925இல் மிக மலிவான மாடல் டி 260 டாலருக்குக் கிடைத்தது. 1927இல் நிறுத்தும் வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. ஆனால் பளிங்கு மாளிகைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. பல மாடிகளில் பாகங்களை ஏற்றி இறக்குவது லைனுக்குத் தோதுப்படவில்லை. அதற்குத் தரையோடு பரந்த ஒற்றைத் தளம் வேண்டும். 1920களின் இறுதியில் கார் தயாரிப்பு இங்கிருந்து கிளம்பிவிட்டது.

ஹைலண்ட் பார்க்கில் 1930இல் ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020இல் ஒன்பதாயிரம்கூட இல்லை. இங்கே தலைமையகம் வைத்திருந்த கிரைஸ்லரும் 1990களில் புறநகருக்குப் போய்விட்டது. 2011இல் நகராட்சியால் மின் கட்டணம் கட்ட முடியாமல் பாக்கி ஏறியதும், மின் நிறுவனம் தெருவிளக்குகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது. உலகத்துக்கு லைனைக் கொடுத்த ஊர் அதன்பின் இருட்டில் இருந்தது.

ரூஜ்: தாது போய் காராக வந்த இடம்

டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்போர்னில், ரூஜ் ஆற்றங்கரையில் 1917இல் தொடங்கி 1928இல் முடித்த ஆலை வளாகத்தைப் பார்க்க, ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்திலிருந்து பஸ் கிளம்புகிறது. ஒன்றரை மைல் நீளம், ஒரு மைல் அகலம், 93 கட்டிடங்கள், உள்ளே மட்டும் நூறு மைல் ரயில் தடம். ஒரு பக்கம் கப்பலில் இரும்புத் தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் இறங்கும். ஊதுலை, எஃகு ஆலை, கண்ணாடி ஆலை, மின் நிலையம் எல்லாம் உள்ளேயே. மறுபக்கம் கார் ஓடி வரும். 1930களில் ஒரு லட்சம் பேர் வேலை செய்தார்கள். டயருக்கு ரப்பர்கூட வெளியாரிடம் வாங்கக் கூடாது என்று ஃபோர்ட் பிரேசில் காட்டில் 1928இல் ஃபோர்ட்லாண்டியா என்றொரு தோட்ட நகரத்தையே கட்டப் பார்த்தார். இலைக்கருகல் நோயும் புழுவும் தொழிலாளர் கலகமும் சேர்ந்து அதைத் தோற்கடித்தன.

இப்போது பார்வையாளர்களை எஃப்-150 டிரக் ஆலைக்குள் உயரமான நடைபாதையில் விடுகிறார்கள். கீழே வண்டிகள் மெதுவாக, ஒரே சீராக நகர்கின்றன. அதிரும் சத்தத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாறுவார்கள். ஒரு பெண் தொழிலாளி நகரும் வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ முடுக்கிவிட்டு வெளியே வந்து, அடுத்ததற்கு நாலு அடி பின்னால் நடந்தார். மறுபடி நுழைந்தார். நான் நின்ற நேரம் முழுவதும் அதே நாலு அடிதான். ஆலையின் கூரைமேல் பத்து ஏக்கருக்குச் சீடம் என்னும் சதைப்பற்றுச் செடியை வளர்த்திருக்கிறார்கள். மழைநீரை உறிஞ்சி வைக்க. வழிகாட்டி அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

அவர் பேசாத இடம் மில்லர் சாலை. 1932 மார்ச் 7 அன்று, பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் வேலையும் நிலக்கரியும் மருத்துவமும் கேட்டு இந்தச் சாலையில் ரூஜை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். போலீசும் ஃபோர்டின் காவல் படையும் சுட்டதில் நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். ஐந்தாமவர் பின்னால் இறந்தார். 1937 மே 26 அன்று, நான்காம் வாயில் நடைமேம்பாலத்தில் யூனியன் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்டர் ராய்தரையும் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீனையும் ஃபோர்டின் அடியாட்கள் புரட்டி எடுத்தார்கள். படத் தகடுகளைப் பிடுங்கப் பார்த்தவர்களிடமிருந்து ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் உண்மையான தகடுகளை ஒளித்துக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் நாடே பார்த்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஃபிளின்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 44 நாள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து யூனியனை ஏற்க வைத்திருந்தார்கள். ஃபோர்ட் 1941 வரை இறங்கவில்லை.

ரூஜின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் டியர்போர்னின் தெற்கு முனை. பெயர்ப்பலகைகளில் அரபி எழுத்துகள். அந்தக் காலத்திலேயே ஐந்து டாலரைக் கேள்விப்பட்டு லெபனானிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடைகள். ஓர் ஏமன் கடையில் ஏலக்காய் மணக்கும் பால் தேநீர் குடித்தேன்; கண்ணை மூடிக்கொண்டால் திருவல்லிக்கேணி. கடைக்காரரின் தகப்பனார் ரூஜ் வார்ப்புச் சாலையில் வேலை பார்த்தவர். “எங்களை வர விட்டார்கள். கறுப்பர்களை ஆலைக்குள் மட்டும்தான் விட்டார்கள்” என்றார். மிகையில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரை ஃபோர்ட் மற்ற நிறுவனங்களைவிட அதிகமாக வேலைக்கு எடுத்தார். பெரும்பாலும் வெப்பம் தாங்க முடியாத வார்ப்புப் பிரிவுகளில். ஆனால் டியர்போர்னில் அவர்களுக்கு வீடு கிடைக்காது. ஷிஃப்ட் முடிந்ததும் இன்க்ஸ்டருக்கோ டெட்ராய்ட்டுக்கோ திரும்பிவிட வேண்டும்.

கிளம்பிப் போன முறை

லைன் ஒரு கட்டிடத்துக்குள் அடங்காதது போலவே ஒரு நாட்டுக்குள்ளும் அடங்கவில்லை. ஃபோர்ட் ஆலையைப் பார்த்துவிட்டுப் போன ஜோவானி அன்யெல்லி, டூரின் நகரில் ஃபியட்டுக்காக லிங்கோட்டோ ஆலையைக் கட்டினார். 1923இல் திறந்த அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் மூலப்பொருள் நுழையும். மாடி மாடியாக ஏறி மொட்டை மாடியில் காராகி, அங்கேயே போட்ட ஓட்டப் பாதையில் சுற்றி வரும். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1936இலும் 1937இலும் டெட்ராய்ட் வந்து பார்த்துப் போனார். அவர் பார்த்துப் போனதை வைத்து 1938இல் இன்றைய வோல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கம்யூனிஸ்ட் ரஷ்யாவும் முதலாளி ஃபோர்டும் 1929இல் ஒப்பந்தம் போட்டு, நிஸ்னி நோவ்கரோடில் கார் ஆலை எழுந்தது. அங்கே போய் இரண்டு ஆண்டு ரஷ்யத் தொழிலாளர்களுக்குக் கருவி வேலை கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர், பின்னால் மேம்பாலத்தில் அடிவாங்கிய அதே வால்டர் ராய்தர்.

பார்த்துவிட்டு அப்படியே செய்யாமல் திருத்தியவர்கள் ஜப்பானியர். 1950இல் டொயோட்டா நிறுவனத்தின் எய்ஜி டொயோடா ரூஜில் பல வாரம் தங்கிப் படித்தார். அவர் ஊரில் அவ்வளவு பணமும் கிடையாது, அவ்வளவு பெரிய சந்தையும் கிடையாது. குவித்து வைப்பதற்குப் பதிலாக, தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு மட்டும் பாகம் வந்து சேரும் ஏற்பாட்டை அதே நிறுவனத்தின் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்தார். குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்றார்கள். ரூஜில் லைனை நிறுத்துவது குற்றம். டொயோட்டாவில் குறையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது குற்றம். முப்பது ஆண்டுக்குள் பாடம் கற்க டெட்ராய்ட்காரர்கள் ஜப்பானுக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்த முறை காருக்கு வெளியிலும் வேலை செய்தது. 1950களில் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையின் லைனில் நின்ற பெரி கார்டி என்ற இளைஞர், ஒரு பக்கம் சட்டமாக நுழைவது மறுபக்கம் முழுக் காராக வருவதைப் பார்த்துவிட்டு, பாடகர்களையும் அப்படி உருவாக்கினால் என்ன என்று யோசித்தார். மேற்கு கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீட்டில் 1959இல் அவர் தொடங்கியது மோட்டவுன் இசை நிறுவனம். 1972இல் அதுவும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது.

போக முடிந்ததெல்லாம் போயிற்று; போக முடியாதவர்கள் மிஞ்சினார்கள். 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை பதினெட்டரை லட்சம், 2020இல் 6.39 லட்சம். கார் கொடுத்த வசதியிலேயே வெள்ளையர்கள் அகலச் சாலைகள் வழியே புறநகர் போனார்கள். ஆலைகளும் பரந்த நிலம் தேடிப் பின்னாலேயே போயின. மிஞ்சிய வேலைகளைக் காப்பாற்ற நகரம் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆறாயிரம் வேலை தருவதாகச் சொன்னதும், ஹாம்ட்ராமிக்கை ஒட்டிய போல்டவுனில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வீடுகளையும் கடைகளையும் தேவாலயங்களையும் கையகப்படுத்தி இடித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. 2004இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்றது. அதற்குள் ஆலை எழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டாகிவிட்டது. வளாகத்துக்குள் இன்றும் பெத் ஓலம் என்ற பழைய யூதக் கல்லறை சுவருக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் உறவினர்களை உள்ளே விடுகிறார்கள். ஆலையில் இப்போது மின்சார வண்டிகள் செய்கிறார்கள்.

டெட்ராய்ட் கலைக்கூடத்தின் நடுமுற்றத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33இல் தீட்டிய 27 சுவரோவியங்களைப் பார்த்தேன். பணம் கொடுத்தவர் ஹென்றியின் மகன் எட்செல் ஃபோர்ட். சுவர் முழுக்க ரூஜ்: ஊதுலை, எஞ்சின் வார்ப்பு, இழுக்கும் முதுகுகள், முறுக்கேறிய கைகள். முழுதாகச் செய்து முடித்த காரைத் தேடினால், தெற்குச் சுவரில் லைன் முடியும் தூரத்தில் விரல்கடை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக அது இருக்கிறது. ரிவேரா கணக்குத் தெரிந்தவர். 2013இல் நகரம் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டபோது, கலைக்கூடத்தின் சேகரிப்பை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் போட்டு ஓவியங்களைக் காப்பாற்றின. அந்தப் பணம் நகராட்சி ஓய்வூதியர்களுக்குப் போனது. அப்படியும் பலருக்கு மாத ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது. விலைவாசிப் படியும் போயிற்று.

நம் பக்கம் இந்தச் சங்கிலி வந்து சேர்ந்த வழி சுற்றுவழி. கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் 1968இல் முதலில் பூட்டியது ஃபோர்டின் கோர்ட்டினா கார். அங்கிருந்து தேறி, சொந்தக் கார் செய்து, 1998இல் அதே ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் லைன் போட்டது. ஃபோர்ட் நேராகவே மறைமலை நகருக்கு வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு லைனை அணைத்தது. அந்த மாதங்களில் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காக வாசலில் நின்றார்கள்.

சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைகளில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது. எந்த ஆண்டின் டெட்ராய்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து டாலருக்கு வாசலில் கூட்டம் முண்டியடித்த 1914ஆ, உலகப் பணக்கார நகரங்களோடு தோள் உரசிய 1950ஆ, ஓவியத்தை விற்கலாமா என்று யோசித்த 2013ஆ? மூன்றும் ஒரே ஊர். நடுவில் இருப்பது நூறு ஆண்டுகூட இல்லை. கார் ஆலை ஓர் ஊருக்கு வருவதற்கான காரணங்கள் நிலம், தண்ணீர், துறைமுகம், மலிவான கூலி. அதே காரணங்கள் இன்னோர் ஊரில் இன்னும் மலிவாகக் கிடைக்கும் நாளில் அது கிளம்பும். ஆகவே நிலம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஆலை வரும் நாளைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால், போகும் நாளைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். டெட்ராய்ட் அதை வாங்கி வைக்கவில்லை.